வீட்டுல ஏற்கனவே இருக்குற ஒயர்லயே நெட் கொண்டுபோறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க வீடு திருச்சில, 90கள்ல கட்டினது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், நடுவுல கான்கிரீட் தளம். பைபர் வந்து நிக்கிறது கீழ ஹால்ல, நான் வேலை பாக்குற ரூம் மாடில பின்பக்கம். வைஃபை மாடிப்படி திரும்புற இடத்துலயே மூச்சு வாங்கி உக்காந்துடும். சுவத்தை உடைக்க அம்மா விடல, வெளிய ஒயர் ஓட்டினா வீடு பாக்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னுட்டாங்க. அப்ப ஆரம்பிச்ச நோண்டல் இது, இப்போ சொந்தக்காரங்க, தெருவுல இருக்குறவங்கன்னு யாராவது வாரத்துக்கு ஒரு தடவை இதே கேள்விகளைக் கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதி வெச்சிட்டேன்.

இருக்குற ஒயர்ல நெட்டுன்னா என்ன, எந்த ஒயர்?

சுவத்துக்குள்ள பொதுவா மூணு ஒயர் இருக்கும். கரண்ட் ஒயர், டிவிக்கு வர்ற கோஆக்சியல் ஒயர் (கேபிள் டிவியோ டிஷ்ஷோ), லேண்ட்லைன் இருந்த காலத்து டெலிபோன் ஒயர். மூணுக்கும் தனித்தனியா ஸ்டாண்டர்டு இருக்கு. கரண்ட் ஒயருக்கு ஹோம்பிளக், கோஆக்சியலுக்கு மோகா, டெலிபோன் ஒயருக்கு முன்னாடி ஹோம்பிஎன்ஏ. மூணுலயும் ஓடுற மாதிரி ஐடியு (ஐநாவோட தொலைத்தொடர்பு அமைப்பு) கொண்டு வந்தது ஜி.எச்.என். எல்லாத்துலயும் ஐடியா ஒண்ணுதான், ரூட்டர் பக்கத்துல ஒரு டப்பா (அடாப்டர்), நெட் வேணுங்குற ரூம்ல ஒரு டப்பா, நடுவுல இருக்குற ஒயர் எதுக்காக போட்டதோ அந்த வேலையையும் பாத்துக்கிட்டு உங்க டேட்டாவையும் சுமக்கும்.

அப்போ எதை வாங்கட்டும்? நேரா சொல்லுங்க

நேரா சொல்லணும்னா, எதையும் வாங்காதீங்க, முதல்ல சுவத்துக்குள்ள என்ன ஓடுதுன்னு பாருங்க. கடைல டப்பா மேல இருக்குற நம்பரைப் பாத்து வாங்கிட்டு வந்து திட்டுறவங்க தான் முக்கால்வாசி பேர். எந்த ஸ்டாண்டர்டு நல்லதுன்னு உங்க வீட்டு ஒயரிங் தான் முடிவு பண்ணும், டப்பா இல்ல.

என் வரிசை இது. டெலிபோனுக்கோ கேபிளுக்கோ சுவத்துக்குள்ள பைப் போட்டிருந்தா அதுல கேட் 6 ஒயரை (நெட்டுக்குன்னே வர்ற ஈத்தர்நெட் ஒயர்) இழுக்க முடியுமான்னு பாருங்க, முடிஞ்சா இந்தப் பக்கத்தை மேல படிக்கவே வேணாம். பைப் அடைச்சிருந்து கோஆக்சியல் ஒயர் மட்டும் நல்லா இருந்தா மோகா. ரெண்டும் இல்லைன்னா தான் கரண்ட் ஒயர். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, ஏன்னா கரண்ட் பிளக் தான் எல்லா ரூம்லயும் கண்ணுக்கு தெரியுது.

டப்பால 1000ன்னு போட்டிருக்கு, எனக்கு 90 தான் வருது. ஏமாத்திட்டாங்களா?

ஏமாத்தலைன்னும் சொல்ல முடியாது, ஆனா பொய்யும் இல்ல. அந்த நம்பர் ஒயர் மேல பிட்டு ஓடக்கூடிய உச்சபட்ச கணக்கு, லேப்ல சுத்தமான ஒரு சின்ன ஒயர்ல. அதுல பிழை திருத்துறதுக்கு, யார் எப்ப பேசணும்னு முறை வெக்கிறதுக்குன்னு ஒரு பங்கு போயிடும். அப்புறம் ஒரே ஒயர்ல ஒரு நேரத்துல ஒருத்தர் தான் பேச முடியும், அப்லோடும் டவுன்லோடும் அதே பாத்திரத்துல இருந்து தான் சாப்பிடணும். 2005ல வந்த ஹோம்பிளக் ஏவிக்கு 200 எம்பிபிஎஸ்னு (செகண்டுக்கு 200 மெகாபிட்) போட்டாங்க, நல்ல ஒயர்லயே கைக்கு வர்றது அதுல பாதி தான்.

இன்னொரு விஷயம், இது தான் எனக்கு உண்மையிலயே கோவம் வர்ற இடம். 500, 600ன்னு போட்ட நிறைய மாடல்ல பின்னாடி இருக்குற ஈத்தர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் தான். உள்ள எவ்வளவு ஓடினா என்ன, வாசல் அவ்வளவு தான். உங்களுக்கு சரியா 90, 94ன்னு வந்து அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா ஒயர் நல்லா தான் இருக்கு, போர்ட்டு தான் இடிக்குது. வாங்கும்போது கிகாபிட் போர்ட்டான்னு கேட்டு வாங்குங்க.

கரண்ட் ஒயர்ல டேட்டா எப்படி போகுது? ஷாக் அடிக்குமா?

கரண்ட் செகண்டுக்கு 50 தடவை ஆடுது. டேட்டா சிக்னல் ஆடுறது லட்சம், கோடிக்கணக்குல, ஹோம்பிளக் ஏவில ஏறக்குறைய 2ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். ரெண்டும் ஒரே ஒயர்ல போனாலும் பில்டர் வெச்சு பிரிச்சிடலாம். சிக்னல் ரொம்ப சின்னது, கூடுதலா ஷாக் எல்லாம் கிடையாது, பிளக்குல இருக்குற 230 வோல்ட் எப்பவும் போல அடிக்கும், அவ்வளவு தான்.

இந்த அலைவரிசையை ஆயிரத்துக்கும் மேல சின்ன சின்ன கேரியரா பிரிச்சிடுவாங்க. ரெண்டு டப்பாவும் பேசி வெச்சுக்கும், இந்த கேரியர்ல சத்தம் கம்மி நிறைய பிட்டு ஏத்தலாம், அதுல இரைச்சல் அதிகம் கம்மியா ஏத்து, இன்னொண்ணுல ஒண்ணுமே வேணாம்னு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், வீட்டு கரண்ட்ல இருக்குற இரைச்சல் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருக்காது, கரண்ட் ஏறி இறங்குற ஒவ்வொரு சைக்கிள்லயும் குறிப்பிட்ட இடத்துல தான் கொறகொறங்கும். அதனால ஹோம்பிளக் ஏவி தன்னோட கடிகாரத்தையே ஈபி கரண்ட்டோட கட்டி வெச்சிருக்கு, ரெண்டு சைக்கிளுக்கு ஒரு தடவை, நம்ம 50 ஹெர்ட்ஸ்ல 40 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தாளம். அந்த தாளத்துல எந்த இடத்துல சத்தம் வரும்னு தெரிஞ்சு வெச்சு அதுக்கேத்த மாதிரி வேகத்தை மாத்திக்கும். கச்சேரில தவில் ஓயுற இடமா பாத்து பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட பேசுற ஆள் மாதிரி.

கீழ பிளக்குல போட்டா அதே ரூம்ல சூப்பரா வருது, மாடில போட்டா செத்துடுது. ஏன்?

உங்க வீட்டுக்கு த்ரீ பேஸ் சர்வீஸா? அப்படின்னா பாதி பதில் அங்கயே இருக்கு. மூணு பேஸ் வந்தா எலக்ட்ரீசியன் லோடைப் பிரிச்சு விடுவாரு, ஹால் ஒரு பேஸ்ல, மாடி ஒரு பேஸ்ல, மோட்டார் ஏசி இன்னொண்ணுலன்னு. ஒரு பேஸ்ல போட்ட சிக்னல் இன்னொரு பேஸுக்கு நேரா போக வழி கிடையாது. மூணு ஒயரும் பக்கத்துல பக்கத்துல ஓடுற இடத்துல கொஞ்சம் கசிஞ்சு தாவும், அந்தக் கசிவுல தான் நிறைய வீட்ல வண்டி ஓடுது. வேகம் அதனால தான் தரைமட்டம்.

எங்க வீட்ல இதைக் கண்டுபிடிச்சதே தற்செயலா தான். ஒருநாள் சாயங்காலம் ஒரு பேஸ் போயிடுச்சு, மாடி இருட்டு. அப்பா எழுந்து போய் பேஸ் மாத்துற சுவிட்சைத் திருப்பி மாடியை ஹால் ஓடுற பேஸுக்கு கொண்டு வந்தாரு. ரெண்டு நிமிஷத்துல மாடி டப்பா மறுபடி கனெக்ட் ஆச்சு, பாத்தா வழக்கமா 35, 40ல தவழ்ந்துக்கிட்டு இருந்தது 110 கிட்ட நிக்குது. ஈபி பேஸ் கட்டானதுக்கு சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அன்னைக்கு நான் தான். அடுத்த வாரம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாடி ரூம் பிளக் லைனை மட்டும் ஹால் பேஸுக்கு மாத்திட்டோம், லோடு பாத்து அவர் தான் சரின்னு சொன்னாரு, நீங்களா டிபியை (கரண்ட்டைப் பிரிச்சு விடுற பெட்டி) திறக்காதீங்க.

எந்த ரூம் எந்த பேஸ்னு தெரிஞ்சுக்க, மெயின் பக்கத்துல இருக்குற ஒவ்வொரு பேஸோட எம்சிபியையும் ஒண்ணொண்ணா இறக்கிப் பாருங்க, எந்த பிளக் சாகுதுன்னு குறிச்சு வெச்சுக்கோங்க. பழைய பியூஸ் கேரியர் வீடுன்னா அதுக்கும் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

ஏவி2, மைமோன்னு போட்டது வாங்கினா பேஸ் பிரச்சனை தீருமா?

கொஞ்சம் உதவும். 2012ல வந்த ஹோம்பிளக் ஏவி2 பேஸ், நியூட்ரல் மட்டும் இல்லாம எர்த் ஒயரையும் சேத்து ரெண்டு ஜோடியா பேசும், மைமோங்குறது இது தான். நியூட்ரலும் எர்த்தும் மூணு பேஸுக்கும் பொது, அதனால தாவ ஒரு வழி கிடைக்குது. ஆனா உங்க பிளக்குல எர்த் உண்மையிலயே இருக்கணும், மூணாவது ஓட்டை இருக்கு ஆனா பின்னாடி ஒயரே இல்லைங்குற வீடு நம்ம ஊர்ல எத்தனைன்னு எலக்ட்ரீசியன்கிட்ட கேளுங்க. இது நெட்டுக்கு மட்டும் இல்ல உயிருக்கும் சேத்து பாக்க வேண்டிய விஷயம். இன்னொண்ணு, ஏவி2 86 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மேல போகும், மேல போகப் போக தூரத்துல சீக்கிரம் தேய்ஞ்சிடும், அதனால பக்கத்து ரூம்ல காட்டுற வித்தியாசத்தை கடைசி ரூம்ல எதிர்பாக்காதீங்க.

இங்க கிடைக்கிற டப்பால நிறைய வெளிநாட்டு பிளக்கோட வரும், ரெண்டு உருண்டை குச்சி இல்லைன்னா லண்டன் சதுர குச்சி. எர்த் இல்லாத கன்வெர்ட்டர் வெச்சு மாட்டினா மைமோவுக்கு குடுத்த காசு வேஸ்ட். சிங்கப்பூர், மலேசியாவுல இருக்குறவங்களுக்கு சதுர குச்சி பிளக் நேரா பொருந்தும், கவலை இல்ல.

இன்வெர்ட்டர் இருக்கு. எந்த பிளக்குல போடணும்?

ரெண்டு டப்பாவும் ஒரே பக்கம் இருக்கணும். ஒண்ணு ரா கரண்ட் (இன்வெர்ட்டர் வழியா வராத நேரடி ஈபி) பிளக்குல, இன்னொண்ணு இன்வெர்ட்டர் லைன்லன்னா, சிக்னல் இன்வெர்ட்டருக்கு உள்ள பூந்து வெளிய வரணும், அதுல பாதி உசுரு போயிடும். கரண்ட் போனாலும் நெட் வேணும்னு தான் எல்லாரும் கேக்குறாங்க, அப்படின்னா ரூட்டர், பைபர் டப்பா, ரெண்டு அடாப்டர், நாலுமே இன்வெர்ட்டர் லைன்ல இருக்கணும். ரூட்டர் மட்டும் இன்வெர்ட்டர்ல, அடாப்டர் ரால இருந்தா கரண்ட் போனதும் மாடி கட்.

எங்ககிட்ட முன்னாடி இருந்தது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கரண்ட் போய் அது ஓட ஆரம்பிச்சா அடாப்டர் லைட்டு பச்சைல இருந்து சிவப்புக்கு போயிடும், லிங்க் இருக்கும் ஆனா ஒரு வீடியோ கால் தாங்காது. சைன் வேவ் மாத்தினதுக்கு அப்புறம் தான் கரண்ட் போறதே தெரியாத அளவுக்கு ஓடுது.

காலைல ஏழு மணிக்கு மட்டும் நெட் விட்டு விட்டு வருது

சட்னி. விளையாட்டுக்கு சொல்லல, மிக்சில இருக்குற மோட்டார்ல கார்பன் பிரஷ் உரசி சுத்தும்போது தீப்பொறி பறக்கும், அது அப்படியே ஒயர்ல இரைச்சலா போகும். எங்க வீட்ல கிச்சன் பிளக்கும் ஹால் பிளக்கும் ஒரே சர்க்யூட், அம்மா தேங்காய் அரைக்கிற அந்த ஒரு நிமிஷம் நான் மீட்டிங்ல ரோபோ மாதிரி பேசுவேன். "என்னப்பா உன் குரல் கட்டையா வருது"ன்னு மேனேஜர் கேப்பாரு, நான் "இதோ சட்னி முடிஞ்சிடும் சார்"னு சொல்ல முடியுமா.

மிக்சியாவது ஒரு நிமிஷத்துல நின்னுடும். மலிவு மொபைல் சார்ஜர், மலிவு எல்இடி பல்பு, எலக்ட்ரானிக் பேன் ரெகுலேட்டர் இதெல்லாம் நாள் முழுக்க கொறகொறன்னு ஒயர்ல துப்பிக்கிட்டே இருக்கும். அடாப்டர் இருக்குற அதே சுவிட்ச் போர்டுல சார்ஜர் போடாதீங்க. ஒரு சந்தேகப் பொருளை கழட்டிட்டு வேகம் பாருங்க, திருப்பி போட்டுட்டு பாருங்க, ஒரு சாயங்காலத்துல குற்றவாளி யாருன்னு தெரிஞ்சிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடலாமா?

கூடாது. முக்கியமா ஸ்பைக் கார்டுன்னு விக்கிறதுல கூடவே கூடாது, அதுல இருக்குற பில்டர் சிக்னலையே இரைச்சல்னு நினைச்சு முழுங்கிடும். அடாப்டர் நேரா சுவத்து பிளக்குல, ரூட்டரை வேணும்னா எக்ஸ்டென்ஷன்ல. பிளக் பத்தலைன்னா, மேல இன்னொரு பிளக் ஓட்டையோட வர்ற மாடல் இருக்கு, அதுல நடுவுல பில்டரும் இருக்கும், சார்ஜரை அதுல குத்தினா சத்தமும் குறையும்.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒண்ணு, பிளக்குக்கு பக்கத்துல சுவிட்ச். ராத்திரி வீட்ல யாராவது ஒருத்தர் எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு தான் படுப்பாங்க. எங்க வீட்ல அந்த சுவிட்ச் மேல செலோ டேப் ஒட்டியிருக்கு.

ஹோம்பிளக்கும் ஜி.எச்.என்னும் கலந்து மாட்டலாமா?

பேசிக்காது. ரெண்டும் கரண்ட் ஒயர் தான், ரெண்டும் கேரியரா பிரிக்கிற அதே வித்தை தான், ஆனா பாஷை வேற. ஒரே வீட்ல ரெண்டையும் ஓட்டினா ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு ரெண்டும் மெதுவாகும்.

பின்னணி சுருக்கமா. ஹோம்பிளக் கூட்டணி 2000ல ஆரம்பிச்சது, 2001ல முதல் ஸ்டாண்டர்டு, அப்போ 14 எம்பிபிஎஸ். ஏவி தொழில்நுட்பம் 2010ல ஐஇஇஇங்குற இன்ஜினியர்கள் அமைப்போட 1901ங்குற ஸ்டாண்டர்டுக்குள்ள போச்சு. அதே ஸ்டாண்டர்டுக்குள்ள பானாசோனிக்கோட எச்டி பிஎல்சியும் இருக்கு, அதுவும் ஏவியும் கூட ஒண்ணுக்கொண்ணு பேசாது, ஒரே ஸ்டாண்டர்டுக்குள்ள பேசாத ரெண்டு பேரை உக்கார வெச்சது எல்லாம் கமிட்டிக்காரங்களுக்கு மட்டும் வர்ற கலை. இன்னொரு பக்கம் ஐடியு 2009, 2010ல ஜி.9960, ஜி.9961னு ஜி.எச்.என்னை கொண்டு வந்தது, அதுக்கு ஹோம்கிரிட் போரம்னு தனி கூட்டணி. ஹோம்பிஎன்ஏ கூட்டணியும் 2013ல இவங்களோட சேந்துடுச்சு. ஹோம்பிளக் பக்கம் கூட்டணி கலைஞ்சிடுச்சு, ஜெர்மனில டெவோலோ மாதிரி பழைய ஹோம்பிளக் ஆளுங்களே ஜி.எச்.என்னுக்கு மாறிட்டாங்க. அதனால இன்னைக்கு புதுசா வாங்கினா ஜி.எச்.என் வாங்குங்க. வீட்ல ஏற்கனவே ஹோம்பிளக் ஜோடி ஒழுங்கா ஓடுதுன்னா மூணாவதும் ஹோம்பிளக்கே வாங்குங்க, ஏவியும் ஏவி2வும் ஒண்ணா சேரும், மெதுவான ஆளோட பேசும்போது மட்டும் மெதுவா பேசும்.

மோகான்னு சொன்னீங்களே, அது நம்ம ஊருக்கு ஆகுமா?

ஆகும், ஆனா யோசிச்சு பண்ணணும். மோகா கூட்டணி 2004ல அமெரிக்கால ஆரம்பிச்சது, அங்க ஒவ்வொரு ரூம்லயும் கேபிள் டிவி பாயின்ட் இருக்கும், அந்த ஊருக்காகவே செஞ்சது. அங்க வெரைசான் கம்பெனியோட பியாஸ்ங்குற பைபர் கனெக்ஷன் இருக்குற வீடுகள்ல செட்டாப் பாக்ஸ் பேசுறதே இதுல தான். கோஆக்சியல் ஒயர் நடுவுல ஒரு கம்பி, சுத்தி கவசம், வெளி இரைச்சல் உள்ள வராது, மிக்சி ஓடினாலும் அதுக்கு காது கேக்காது. 2016ல வந்த மோகா 2.5ல 2.5 கிகாபிட் வரைக்கும், கரண்ட் ஒயர்ல இதைக் கனவுல தான் பாக்கணும்.

இங்க சிக்கல் ரெண்டு. ஒண்ணு, கடைல ஈசியா கிடைக்காது, பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வர்ற சொந்தக்காரங்க பெட்டில தான் வரும். ரெண்டு, டிஷ். டிஷ்ல இருந்து செட்டாப் பாக்ஸுக்கு வர்ற சிக்னல் 950ல இருந்து 2150 மெகாஹெர்ட்ஸ். மோகா ஓடுற இடம் 1125ல இருந்து 1675. ஒருத்தர் திண்ணைல இன்னொருத்தர் படுத்த மாதிரி, ரெண்டும் ஒரே ஒயர்ல ஓடாது. டிஷ் பாத்துக்கிட்டு இருக்குற ஒயர்ல மோகா போடாதீங்க, டிவியும் போகும் நெட்டும் போகும்.

ஆனா இப்போ எத்தனை வீட்ல டிஷ் பாக்குறாங்க? மொட்டை மாடில குடை துருப்பிடிச்சு நிக்குது, டிவில ஓடுறது எல்லாம் நெட்ல. அந்த ஒயர் சும்மா தான் கிடக்கு. எங்க அத்தை வீட்ல குடைல இருந்து ரெண்டு ஒயர் இறங்கியிருந்துச்சு, ஒண்ணு ஹாலுக்கு, ஒண்ணு மாமா ரூமுக்கு. மாடில போய் குடைல இருந்து ரெண்டையும் கழட்டி, இருபது ரூபா ஜாயின்ட்டர் ஒண்ணு வெச்சு ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு முடுக்கினோம். அவ்வளவு தான், ஹால்ல இருந்து மொட்டை மாடி போய் மாமா ரூமுக்கு இறங்குற ஒரே நீள ஒயர் ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் மோகா டப்பா. அவங்க பிளான் 300, மாமா ரூம்ல 300ம் வந்துச்சு. ஜாயின்ட்டை மழை படாம சுத்தி ரப்பர் டேப் போட்டு ஒரு டப்பாக்குள்ள வெச்சிட்டோம், அதை விட்டுட்டீங்கன்னா ஐப்பசி மழைல தண்ணி இறங்கி எல்லாம் போயிடும்.

ஒயர் மேல ஆர்ஜி 6ன்னு அச்சு இருக்கான்னு பாருங்க. அதுல 1 கிகாஹெர்ட்ஸ்ல 100 மீட்டருக்கு 20 டெசிபெல் கிட்ட தேயும், ஒரு வீட்டு தூரத்துக்கு அது பெரிய விஷயமே இல்ல. முனைல இருக்குற கனெக்டர் தான் பெரும்பாலும் சொதப்பும், பச்சை பூத்திருந்தா வெட்டிட்டு புதுசு போடுங்க.

கேபிள் டிவி இன்னும் பாக்குறோம், அந்த ஒயர்ல மோகா ஓடுமா?

ஓடும், கேபிள்காரர் சிக்னல் 862 மெகாஹெர்ட்ஸ்க்குள்ள முடிஞ்சிடும், மோகா அதுக்கு மேல. ஆனா வீட்டுக்குள்ள ஒயரைப் பிரிக்கிற ஸ்பிளிட்டர் 1675 வரைக்கும் விடுற வகையா இருக்கணும், நம்ம வீட்ல இருக்குறது 1000னு போட்டிருக்கும், மாத்துங்க. நடுவுல ஆம்ப்ளிபயர் இருந்தா அதைத் தாண்டாது. வீட்டுக்குள்ள ஒயர் நுழையுற இடத்துல மோகா பில்டர் ஒண்ணு போடணும், இல்லைன்னா உங்க நெட் தெருக்கம்பத்துக்கு நடந்து போகும். அந்த பில்டர் சிக்னலை உள்ளயே திருப்பி அடிக்கிறதால வேகமும் கொஞ்சம் கூடும்.

பழைய டெலிபோன் ஒயர்?

அந்த ஒயரோட பெரிய உபயோகம், அதை கயிறா பயன்படுத்தி அதே பைப்ல கேட் 6 ஒயரை இழுக்கிறது தான். ஒரு முனைல புது ஒயரை இறுக்கி கட்டி டேப் சுத்தி, மறுமுனைல ஒருத்தர் மெதுவா இழுக்க, இந்தப் பக்கம் ஒருத்தர் தள்ளி விடணும், கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டா வழுக்கும். பெண்டுல மாட்டினா முரட்டுத்தனமா இழுக்காதீங்க, அறுந்துடுச்சுன்னா கயிறும் போச்சு. ஹோம்பிஎன்ஏ 1998ல 1 எம்பிபிஎஸ்ல ஆரம்பிச்சு பின்னாடி 320 வரைக்கும் போச்சு, இப்போ அதைத் தேடாதீங்க. பைப்பே இல்லாம சுவத்துல பூசி மறைச்சிருந்தா டெலிபோன் ஒயருக்கான ஜி.எச்.என் டப்பா இருக்கு, வெளிநாட்டுல ஓட்டல்ல எல்லாம் போடுறாங்க, ஒரு வீட்டுக்கு வாங்க அலையணும்.

இதைக் கேட்டுட்டு ஒருத்தர் கரண்ட் போற பைப்லயே கேட் 6 இழுத்துட்டாரு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, உள்ள ஒயர் தோல் உரிஞ்சா 230 வோல்ட் நேரா லேப்டாப்புக்கு. கரண்ட் பைப் மட்டும் தான் இருக்குன்னா மெல்லிசு பைபர் இழுங்க, உலோகம் இல்லாத பைபரா பாத்து, அதுல கரண்ட் பாயாது.

பக்கத்து வீட்டுக்காரன் என் நெட்டை எடுக்க முடியுமா?

சிக்னல் மீட்டரோட நின்னுடும்னு சொல்றது பொய், அபார்ட்மென்ட்ல பக்கத்து பிளாட்டுக்கு கசியும். ஆனா ஹோம்பிளக் ஏவில 128 பிட் ஏஇஎஸ் பூட்டு இருக்கு. பிரச்சனை என்னன்னா பெட்டிலிருந்து வரும்போது பல டப்பாக்கு பாஸ்வேர்டு ஒண்ணே ஒண்ணு தான், உங்களுதும் பக்கத்து வீட்டுதும் ஒரே கம்பெனின்னா தானா கை குலுக்கிக்கும். வாங்கின அன்னைக்கே ரெண்டு டப்பாலயும் பேர் (Pair, ஜோடி சேக்குற) பட்டனை அடுத்தடுத்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள அமுக்குங்க, புது சாவி உண்டாகிடும்.

கரண்ட் பில்லு ஏறுமா?

ஒரு அடாப்டர் 3 வாட்னு வெச்சுக்கோங்க, ரெண்டுக்கு 6. நாள் முழுக்க, ரெண்டு மாசம் 60 நாளைக்கு கணக்கு போட்டா 8.64 யூனிட். நம்ம ஈபி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பில்லு போடுறதால அப்படி சொன்னேன். ஸ்லாப் விளிம்புல நிக்கிறவங்க மட்டும் யோசிங்க.

ரேடியோ இரையுதுன்னு தாத்தா திட்டுறாரு

நியாயம். 2ல இருந்து 30 மெகாஹெர்ட்ஸ்க்குள்ள தான் சிற்றலை ரேடியோ மொத்தமும் இருக்கு. வீட்டு ஒயர் ஒரு பெரிய ஏரியல் மாதிரி வேலை செய்யும். அமெச்சூர் ரேடியோக்காரங்க போட்ட சண்டைல அவங்க அலைவரிசையை மட்டும் ஸ்டாண்டர்டுலயே ஓட்டை போட்டு விட்டுட்டாங்க, தாத்தா கேக்குற ஸ்டேஷனுக்கு அப்படி யாரும் சண்டை போடல. அவர் ரேடியோ கேக்குற நேரம் அடாப்டரை அணைச்சிடுங்க, எங்க சித்தப்பா வீட்ல ராத்திரி எட்டு டு ஒன்பது அப்படித்தான் ஓடுது.

இதெல்லாம் எதுக்கு, மெஷ் வைஃபை வாங்கிட்டா போதாதா?

மாடிப்படி நேரா திறந்திருக்குற வீடுன்னா போதும். எங்க வீடு மாதிரி ரெண்டு சுவரும் ஒரு தளமும் நடுவுல இருந்தா, மேல இருக்குற மெஷ் டப்பாக்கே (கீழ இருந்து வைஃபைல வாங்கி திருப்பி பரப்புற டப்பா) சிக்னல் சரியா வராது, அது வாங்கினதைத் தானே குடுக்கும். ரெண்டையும் சேத்து போடுறது தான் நல்ல வழி, கீழ இருந்து மேல வரைக்கும் மோகாவோ ஜி.எச்.என்னோ, மேல அந்த ஒயர்ல ஒரு மெஷ் டப்பா.

வேகம் சரியா வருதான்னு எப்படி பாக்குறது?

முதல்ல ரெண்டு அடாப்டரையும் ஒரே ரூம்ல பக்கத்து பக்கத்து பிளக்குல போட்டு அளங்க, அது தான் உங்க டப்பாவோட உச்சம். அப்புறம் ஒண்ணை நகத்தி நகத்தி அளங்க. ஸ்பீட் டெஸ்ட் சைட்டை நம்பாதீங்க, பிளான் 100ன்னா அது 100க்கு மேல காட்டாது, ரெண்டு லேப்டாப்ல ஐபெர்ப்3ங்குற வேகம் அளக்குற சாஃப்ட்வேர் போட்டு ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு அளக்குறது தான் சரி. காலைல ஒரு தடவை, ராத்திரி எல்லா லைட்டும் எரியும்போது ஒரு தடவை. வேகத்தை விட முக்கியம் பிங் (டேட்டா போய் திரும்பி வர ஆகுற நேரம்) எவ்வளவு துள்ளுதுங்குறது, வீடியோ கால் சாகுறது அதுல தான்.

எலக்ட்ரிக் கார்ல கூட இதே டெக்னாலஜின்னு சொல்றாங்களே?

ஆமா, நிஜம். சிசிஎஸ் பாஸ்ட் சார்ஜர்ல காரை மாட்டினதும் காரும் சார்ஜரும் பேசிக்கிறது ஹோம்பிளக் கிரீன் பிஹெச்ஒய்ல தான், வேகம் கம்மியாக்கி உறுதி கூட்டின தம்பி. வீட்டு மார்க்கெட்ல ஓஞ்சது ரோட்டுல பொழைச்சுக்கிச்சு.

இடி இடிக்கும்போது?

கழட்டிடுங்க. கரண்ட் ஒயர் அடாப்டர் எக்ஸ்டென்ஷனோ ஸ்பைக் கார்டோ இல்லாம நேரா ஈபி லைன்ல நிக்குது, அடி நேரா அதுக்குத்தான். மொட்டை மாடி வழியா கோஆக்சியல் போச்சுன்னா குடையோட தொடர்பை முழுசா கழட்டியிருக்கணும், சும்மா தொங்க விடக்கூடாது.

நண்பர் பழைய செட் ஒண்ணு குடுத்தாரு, மாட்டினா லைட்டே எரியல

பவர் லைட்டு எரியலைன்னா டப்பா காலி, உள்ள இருக்குற கெப்பாசிட்டர் சூட்டுல உப்பியிருக்கும், நிறைய அடாப்டர் இப்படித்தான் சாகுது, 230 வோல்ட் சமாச்சாரம், திறந்து நோண்டாதீங்க. பவர் எரிஞ்சு வீடு படம் போட்ட லைட்டு மட்டும் எரியலைன்னா அது இன்னும் அவர் வீட்டு சாவியோட உக்காந்திருக்கு. ரீசெட் பட்டனை குண்டூசியால பத்து செகண்டு அமுக்கிப் பிடிச்சு விட்டுட்டு, ரெண்டையும் ஒரே சுவிட்ச் போர்டுல வெச்சு பேர் பட்டன் அமுக்குங்க. அங்க சேந்ததுக்கு அப்புறம் மாடிக்கு தூக்கிட்டு போங்க.